இடப்பக்கத்துப் பூக்கள்

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நீ மூன்று வாக்கியம் சொல்லிவிடுவாய். அந்தப் பழக்கம் உன் அப்பாவிடமிருந்து வந்ததல்ல, என்னிடமிருந்து வந்தது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு மேரி ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அனுப்பும்போது அவளும் படிப்பாள்; அவள் படித்தால் குத்தாலம் ஊரே படித்த மாதிரி. படிக்கட்டும். மறைக்க வேண்டிய காலம் முழுக்க மறைத்தாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை அந்த மேசைக்கு நீ சான்று எழுதிக் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னாய். அதற்கு முன்னால் இது உன் கண்ணில் பட வேண்டும். அவ்வளவுதான் என் அவசரம்.

மேசை என்று நான் சொல்வதை நீ கொமோட் என்கிறாய். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியும், ஆகவே நான் இழுப்பறை மேசை என்றே எழுதுகிறேன். பாரிஸில் நீ வேலை பார்க்கும் பட்டறைக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. இரண்டு பெரிய இழுப்பறை, வளைந்த கால், மேலே சாம்பல் நிறப் பளிங்குப் பலகை, முன்னாலும் இரண்டு பக்கமும் மரத்தில் மரத்தைப் பதித்துச் செய்த பூக்கள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின பாரிஸ் தச்சர்களின் வேலை என்று எழுதினாய். முழுக்க அசல், ஒரு பூகூட மாற்றப்படவில்லை என்று சான்று கொடுக்கும் பொறுப்பை உன் முதலாளியம்மா முதல்முறையாக உன்னிடம் கொடுத்திருக்கிறார். பத்து வருஷம் அடுத்தவர் பெயருக்குக் கீழே வேலை செய்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். சந்தோஷத்தில் ஏழு படங்கள் அனுப்பினாய். கூடவே குரல் பதிவிலும் சொன்னாய்: "அந்த இடப்பக்கத்தைப் பாருங்கம்மா. முன்பக்கம் செஞ்சவன் கெட்டிக்காரன். ஆனா இடப்பக்கம் செஞ்சவன் வேற ஆளு, அவன் பெரிய கை. அதுல ஒரு பூ இருக்கு, இங்க யாருக்குமே என்ன பூன்னு தெரியலை. கற்பனைலயே பண்ணிருக்கான் போல." அந்தக் குரலை நான் நாலு நாள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பதில் அனுப்பவில்லை. கண்ணில் ஆபரேஷன் ஆனதால்தான் பதில் எழுதவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். கண் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நாலு நாளும் அந்தப் புகழ்ச்சியை நான் யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கத்துப் பூக்களை வெட்டியவள் நான்.

சிரிக்காதே. கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றும் நினைக்காதே. முதலிலிருந்து சொல்கிறேன்.

ஊருக்குள் கேபிள் டிவி கம்பி இழுத்த காலம் அது. பேப்பரில் தினம் வெளிநாட்டுக் கம்பெனி, வெளிநாட்டு முதலீடு என்று வரும். நமக்கு அதெல்லாம் எங்கேயோ நடக்கிற சங்கதி. ஆனால் உன் அப்பாவின் பட்டறைக்கு அதன் வால் வந்து சேர்ந்தது. திடீரென்று எல்லோருக்கும் பழைய மரச்சாமான் வேண்டியிருந்தது. புதுச்சேரிப் பக்கத்து ஹோட்டல்காரர்களுக்கும் கப்பலில் வெளிநாடு அனுப்புகிறவர்களுக்கும் காரைக்காலில் தரகர் தாவீது வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்த குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிரான்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் விட்டுப்போன கட்டில், பெஞ்சு, அலமாரி எல்லாம் வேனில் நம் வாசலுக்கு வரும். அப்பா ஆட்டம் கண்ட மூட்டைச் சரிசெய்து, செல்லரித்ததை மாற்றி, அரக்கு பாலிஷ் போட்டுக் கொடுப்பார். அதற்கு நம் பட்டறையில் பிரெஞ்சு பாலிஷ் என்றுதான் பெயர். பிரான்ஸ் எங்கே இருக்கிறது என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் வரைபடத்தில்தான் தெரியும்.

எந்தப் பழைய சாமான் வந்தாலும் முதல் குளியல் என் பொறுப்பு. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். சனி ஞாயிறு பட்டறைக்கு இலவசக் கூலியாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக் கதவையும் நிலையையும் எப்படிக் கழுவுவோமோ அப்படியேதான். தவலை நிறையச் சுடுதண்ணீர், அதில் சோடா உப்பு. மேலே ஊற்றி அரைமணி நேரம் ஊற விட்டு, தேங்காய்நாரால் தேய்த்தால் ஐம்பது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் கஷாயமாக இறங்கி ஓடும். அடியில் தேக்கு புதுசாக நிற்கும். இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் மரம் என்றால் தேக்கு, அதுவும் கனத்த பலகை. அதற்குமேல் வேறு மரத்தை ஒட்டுவார்கள் என்று நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அந்த மேசை தாவீதின் வேனில் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அப்பா சனிக்கிழமை விடியற்காலையிலேயே கோடியக்கரைக்குக் கிளம்பிவிட்டார்; அங்கே ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள், கதவு பார்க்க வேண்டும் என்று. போகும்போது சாக்கைத் தூக்கி மேசையைப் பார்த்துவிட்டு, "இத நான் வந்து பாத்துக்கறேன்" என்றார். அதை நான் உபசாரமாக எடுத்துக்கொண்டேன். நீ தனியாகக் கஷ்டப்படாதே என்கிறார் என்று நினைத்தேன். நாம்தான் ஒருவர் வேலையை ஒருவர் கேட்காமல் செய்துவைத்துவிட்டு, அதை அன்பு என்று சொல்லிக்கொள்கிற குடும்பமாயிற்றே. நீயும் இதைச் செய்கிறாய். உன் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

மேசையை இழுத்துக் கிணற்றடியில் போட்டேன். இடப்பக்கம் என் பக்கமாக இருந்தது. கறுத்துப்போய், பூ இருப்பதே அரைகுறையாகத்தான் தெரிந்தது. சரி, கழுவினால் பளிச்சென்று தெரியும், மனிதர் வந்து அசந்துபோவார் என்று இரண்டு தவலைத் தண்ணீரை ஊற்றினேன். சோற்றை வடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது மேசையின் இடப்பக்கம் மொட்டையாக நின்றது. பூவெல்லாம் கழன்று வாய்க்காலில் மிதந்து தென்னைமரப் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு இதழைக் கோழி கொத்திக்கொண்டிருந்தது. பாத்திச் சேற்றில் உட்கார்ந்து கையால் அள்ளினேன். பாதிக்குமேல் கிடைக்கவில்லை. கிடைத்தவையும் வெயிலில் சுருண்டு போயின.

அப்பா பொழுது சாயும்போது வந்தார். நான் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன். அவர் கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன்; போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து, "இது தேக்கு இல்ல, டீச்சர்" என்றார். கோபம் வந்தால்தான் என்னை டீச்சர் என்பார். "பட்டை மாதிரி மெல்லிசா அறுத்து வஜ்ரத்துல ஒட்டியிருக்கான். சுடுதண்ணி பட்டா வஜ்ரம் நிக்குமா?" வஜ்ரம் என்றால் உனக்குத் தெரியும், தோலைக் காய்ச்சி எடுக்கிற தச்சுப் பசை. கடல் தாண்டி வந்த சாமானிலும் நம் பட்டறையிலும் ஒரே பசைதான். அந்த ஒற்றுமையைத் தெரிந்துகொள்ளும் நிலையில் நான் அன்று இல்லை.

"தாவீதுகிட்ட என்னங்க சொல்றது?" என்றேன்.

"நடந்ததச் சொல்றது. வேறென்ன."

"அவரு இனிமே ஒரு ஸ்டூல்கூடக் குடுக்கமாட்டாருங்க."

"குடுக்கமாட்டாருதான்" என்று சொல்லி எழுந்து கைகால் கழுவப் போனார்.

சொல்ல வேண்டும் என்றுதான் உன் அப்பா நினைத்தார். இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் டைம் கேளுங்க, நான் இதைச் சரிபண்ணிக் காட்டுறேன், அப்புறம் சொல்லிக்கலாம் என்று அவரைத் தடுத்தவள் நான். அவர் வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார். தாவீதிடம் இழுப்பறை மூட்டு விட்டிருக்கிறது, நேரமாகும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

நீ அப்போது பட்டுக்கோட்டையில் உன் அத்தை வீட்டிலிருந்து படித்தாய். அங்கே இங்கிலீஷ் மீடியம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவைத்தோம். நீ பஸ்ஸில் ஏறியபோது அழவில்லை, அதனால் உனக்குப் பிடித்திருக்கிறது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான், அந்த ஒரு வருஷமும் அத்தை வீட்டுத் தென்னந்தோப்பில் தனியாக உட்கார்ந்து மட்டைகளிடம் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னாய். கேட்காமல் முடிவு செய்வதில் எனக்கு அப்படி ஒரு திறமை. அதற்கு இன்றுவரை நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

நீ வீட்டில் இல்லாததால் எனக்குச் சாயங்காலங்கள் கிடைத்தன. பூக்கள் போய்விட்டாலும், அவை இருந்த இடம் பலகையில் வஜ்ரக் கறையாகத் தெரிந்தது. அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, எம்பிராய்டரிக்குக் கோடு எடுப்பதுபோல எடுத்தேன். அப்பா கும்பகோணத்தில் ஒரு நகைப் பத்தரிடமிருந்து கம்பி போன்ற ரம்பம் வாங்கி வந்தார். மஞ்சளுக்குப் பலா, வெள்ளைக்கு வெட்பாலை மரம், கறுப்புக் காம்புக்கு என் பள்ளிக்கூடத்துக் கருங்காலி ரூல்தடி. எல்லாவற்றையும் ரூபாய்க் காசின் கனத்துக்கு அறுத்துக் கொடுத்தார். வெட்டுவது நான். முதல் இருபது இதழ் உடைந்தது. பிறகு கை பழகிவிட்டது. துணியில் பதினெட்டு வருஷம் பூப்போட்ட கை, மரத்திலும் போட்டது. பெரிய அதிசயம் ஒன்றுமில்லை.

நிழல்தான் வரவில்லை. பிழைத்த இதழ்களைப் பார்த்தால் ஒரு ஓரம் பழுப்பேறி, உள்ளே போகப்போக வெளுத்திருக்கும். அதனால்தான் பூ எழும்பி நிற்பதுபோல் தெரியும். மை தடவிப் பார்த்தேன், ஊறிப் பரவியது. சூட்டுக்கோலால் தொட்டேன், கருகியது. ஒரு நாள் கடைத்தெருவில் கடலை வறுக்கிறவர் இரும்புச்சட்டி மணலில் கடலையைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓரம் மட்டும் சிவந்து வந்த ஒரு கடலையை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஆற்றுமணலைச் சலித்துச் சட்டியில் காய்ச்சி, ஒரு இதழின் ஓரத்தை அதில் செருகி எடுத்தேன். அப்படியே வந்துவிட்டது, தம்பி. அடுக்களையில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா எட்டிப்பார்த்து, "என்ன டீச்சர், தாளிச்சாச்சா?" என்றார். கோபமில்லாமல் அவர் என்னை டீச்சர் என்றது அன்றுதான். பாரிஸ் தச்சர்களும் சூடான மணலில்தான் வாட்டினார்கள் என்று பல வருஷம் கழித்து நீ போனில் பாடம் நடத்தினாய். அவர்களில் பாதிப்பேர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள், பிறந்த ஊரைவிட்டு வந்து அடுத்த ஊர் ராஜா வீட்டுக்குப் பூச்செய்தவர்கள் என்றும் சொன்னாய். நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். அன்றே சொல்லியிருக்கலாம்.

நிறத்துக்கு டீத்தண்ணீர். பித்தளைப் பூணைக் கழற்றினால் அதன் அடியில் இலை பச்சையாக இருந்தது; வெயில் பட்ட இடமெல்லாம் வைக்கோல் நிறம். நான் பச்சையை விட்டு வைக்கோல் நிறத்தைத்தான் கொண்டுவந்தேன். பழசுபோலத் தெரிய வேண்டும் என்று தெரிந்தேதான் செய்தேன். சரிசெய்வது எந்த இடத்தில் ஏமாற்றுவதாக மாறியது என்று கேட்டால், அந்த டீத்தண்ணீரில் என்று சொல்வேன்.

கீழ் மூலையில் கறையும் அழிந்துபோயிருந்தது. என்ன பூ இருந்தது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த பூவைப் போட்டேன். உன் முதலாளியம்மாவும் அங்கே இருக்கிற பெரியவர்களும் பெயர் தெரியாமல் திண்டாடுகிற பூ அதுதான். பூவரசம்பூ. மஞ்சள் இதழ் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும், நடுவில் கருஞ்சிவப்பு. நம் பள்ளிக்கூட வேலி முழுக்க அதுதான். நீ அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிக் காதைச் செவிடாக்கினவன், உனக்கே அடையாளம் தெரியவில்லை. அங்கே போனதும் அந்த ஊர்க் கண்ணோடு பார்க்க ஆரம்பித்துவிட்டாய். குறையாகச் சொல்லவில்லை, பிழைக்கப் போன இடத்தில் அதுதான் நடக்கும்.

வேலை முடிந்ததும் தாவீது வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று பக்கமும் பார்த்தார். இடப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். நான் காபித் தட்டோடு பக்கத்தில் நின்றேன். "அண்ணே, இந்தப் பக்கந்தான் ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அப்பா வாயைத் திறந்தார். நான் இடையில் புகுந்து, "காபி சாப்பிடுங்க தாவீது, ஆறிடும்" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியை இறுக்கிக்கொண்டு, கப்பலுக்குப் போகிற மேசையை வேனில் ஏற்றப் போய்விட்டார். அத்தனை வருஷம் ஒன்றாக இருந்தோம், அப்படி ஒரு பார்வை அவர் என்னை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசவுமில்லை. படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம், "அந்தப் பூவப் பத்தித் தம்பிகிட்டயாவது சொல்லேன்" என்றார். சரி என்றேன். அவர் போய் ஆறு வருஷமாகிறது.

உனக்குப் புத்தி சொல்வதற்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. வயதானவர்கள் கடிதம் எழுதினால் புத்தி சொல்லியே தீர வேண்டும் என்பதால் ஒன்றே ஒன்று. தப்பு செய்த அன்று சொல்வது கஷ்டம்; அதை அழகாகச் சரிசெய்துவிட்ட பிறகு சொல்வது அதைவிடக் கஷ்டம், ஏனென்றால் அதற்குள் உனக்கே அது பிடித்துப்போயிருக்கும். அந்தப் பூக்கள் எனக்குப் பிடித்திருந்தன. இப்போதும் பிடித்திருக்கின்றன. அவற்றுக்காக நான் வெட்கப்படவில்லை. காபி கொடுத்ததற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

இதனால் உனக்கு என்னென்ன நஷ்டம் என்று நான் யோசிக்காமல் இல்லை. மேசையின் மதிப்பு இறங்கும். தன் அம்மா செய்த வேலையையே அடையாளம் தெரியாதவன் எப்படிச் சான்று கொடுப்பான் என்று யாராவது கேட்கலாம். இந்தக் கையெழுத்து உரிமையை உன் முதலாளியம்மா திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நானும் இன்னும் எத்தனை நாள். இதையெல்லாம் அந்த நாலு நாளும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஆனால் மேசையைப் பற்றி நான் பொய் சொன்னபோது அது தாவீதிடம் சொன்ன பொய். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அது நீ சொன்ன பொய்யாகிவிடும், அதுவும் உனக்குத் தெரியாமலே. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நீ நம்பமாட்டாய், உன் முதலாளியம்மா அதற்குமேல் நம்பமாட்டார். கிழவி பெருமைக்குச் சொல்கிறாள் என்பார்கள். அதனால் அத்தாட்சி சொல்கிறேன். உங்கள் தச்சர்கள் பூக்களைக் கோத்து முன்பக்கம் தாளை ஒட்டி, பலகையில் பதித்தபின் அந்தத் தாளை உரித்துவிடுவார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். எனக்கு அது தெரியாது. துணிமேல் துணிப்பூ வைத்துத் தைக்கும்போது அடியில் தாள் கொடுப்போம், அந்தப் பழக்கத்தில் நான் தாளைப் பின்பக்கம் ஒட்டி, தாளோடு சேர்த்தே பலகையில் பதித்துவிட்டேன். அப்பா பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. உலகத்தில் எந்தத் தச்சனும் அப்படிச் செய்திருக்கமாட்டான். பூவரசம்பூவின்மேல் வெதுவெதுப்பான ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் வைத்திரு, வஜ்ரம் விட்டுக்கொடுக்கும். மெல்லிய கத்தியால் நெம்பினால் பூவோடு தாளும் வரும். நல்ல மெல்லிய தாளாக வேண்டுமே என்று தேடியபோது நீ விட்டுப்போன மூன்றாம் வகுப்பு இரட்டைக்கோடு நோட்டு அலமாரியில் இருந்தது. அப்போது பாசத்தால் ஒன்றும் கிழிக்கவில்லை, தாள் சரியாக இருந்தது, கிழித்தேன். "மாடு புல் தின்றது" என்று பென்சிலில் வரிசையாக எழுதியிருப்பாய், மேல் ஓரத்தில் உன் பெயர் இருக்கும். அதை உன் முதலாளியம்மாவிடம் எடுத்துக்கொண்டு போ. இடப்பக்கம் எங்கள் அம்மா செய்தது என்று சொல்.

அம்மா